தேன் கலக்காத மை

"கையை நீட்டுங்க மேடம்" என்றாள் ஸ்டெல்லா. நீட்டினேன். நீட்டிய பிறகுதான் எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பது எனக்கும் நினைவில்லை, அவளுக்கும் நினைவில்லை என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நேற்று சனிக்கிழமை இதே அண்ணா நகர் கடையில், இதே முக்காலியில் உட்கார வைத்து, என் இடது முன்கையின் உள்பக்கம் மூன்று கோடு போட்டு அனுப்பியிருந்தாள். மூன்று விதக் கண்மை, மூன்று கோடு. ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, எந்தக் கோடு அரிக்கவில்லையோ அந்த மையைக் கண்ணுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு, கண் டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். காலையில் குளித்ததும் மூன்றும் போய்விட்டன. சோப்பு போடாமல் குளித்திருக்கலாம், கையைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு குளித்திருக்கலாம், குளிக்காமலே இருந்திருக்கலாம், ஞாயிற்றுக்கிழமைதானே. இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு சிவப்பு, மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே. அரிக்கிறதா என்றால் அரிக்கிறது, அரிக்கிறதா என்று கேட்டதால்தான் அரிக்கிறதோ என்றும் இருக்கிறது. அங்கே வாட்ச் பட்டையும் உரசும், அதையும் சொல்லிவிட வேண்டும். "மொதல்ல பென்சில், அப்புறம் பேனா, கடைசியா டப்பா மை, அந்த வரிசை நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் ஸ்டெல்லா, "ஆனா மேலேருந்து கீழ வந்தேனா, கீழேருந்து மேல போனேனான்னுதான்..." மேலிருந்து வந்திருந்தால் சிவந்தது டப்பா மை. கீழிருந்து போயிருந்தால் சிவந்தது பென்சில். பேனா நடுவில், எப்படிப் பார்த்தாலும் அது நல்ல பிள்ளை, ஆனால் அதில் ரோஜா வாசனை, டாக்டர் வாசனையே ஆகாது என்று சொல்லிவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. அம்மா பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவாள், அம்பத்தூரில் அண்ணன் வீட்டில் ஐந்தரைக்குத் தட்டு வைப்பார்கள், சாப்பிட்டதும் படுத்துவிடுவாள். அதற்குள் கண்ணில் மையோடு அம்மாவின் எதிரில் போய் நிற்க வேண்டும்.

ஆறு மாதமாக என் கண் வெறுங்கண். இமையோரம் வீங்கி, காலையில் கண்ணைத் திறந்தால் திறக்காமல், வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றித்தான் உலகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் கண் பக்கம் எதுவும் போகக் கூடாது என்றார் டாக்டர். சரி என்று விட்டேன். மறுநாள் இன்சூரன்ஸ் ஆபீஸில் நான் கவுண்டரில் உட்கார்ந்ததும் வந்தவர் போனவரெல்லாம் ஒடம்பு சரியில்லையா மேடம், ஒடம்பு சரியில்லையா மேடம். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி மதியத்துக்குள் நிஜமாகவே தலைவலி வந்துவிட்டது. அதெல்லாம் போகட்டும், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மாவுக்கு? எழுபத்தெட்டு வயது, மறதி நோய் என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. கிழமை போய்விட்டது, அப்பா செத்தது போய்விட்டது, அண்ணி ஜெயசீலியின் பெயர் வரும் போகும். நான் மட்டும் போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "வாடீ ராஜி" என்று குரல் வரும். ராஜமதி என்ற பெயரை அம்மாதான் வைத்தாள், அவளே முழுசாகக் கூப்பிட்டதில்லை. மையை நிறுத்தி இரண்டு மாதம் ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனேன், அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "வாங்க, உக்காருங்க, நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்றாள். யாராவது வந்தால் மரியாதையாக எழுந்திருக்க வேண்டும் என்பது மறக்கவில்லை. நாற்பத்தேழு வருஷமாக 'வாடீ போடீ' என்ற வாய் எனக்கு 'ங்க' போட்டது. அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அண்ணி நல்லதுக்குத்தான் சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றிக் காட்டினாள், அதில் மை தீட்டிய நான், அம்மா விரலால் தொட்டு "இது எங்க ராஜி" என்றாள், தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து "நீங்க காப்பி சாப்பிடுவீங்களா?" என்றாள். அன்றிலிருந்து அண்ணன் நோய் என்கிறான், நான் மை என்கிறேன். போட்டோவில் தெரிகிறதே, அப்போது மைதானே?

"வீகன்தான் வேணும்னு நேத்தே கேட்டீங்கல்ல, நீங்க ஐயரா மேடம்?" ஸ்டெல்லா என் கையை விளக்குப் பக்கம் திருப்பிக்கொண்டே கேட்டாள். இல்லைங்க, ஜெயின் என்றேன். "அட, சேட்டம்மாவா! தமிழ் என்னமா பேசறீங்க!" "எனக்குத் தமிழ் மட்டும்தாங்க தெரியும், நாங்க தமிழ் ஜெயின், எங்களுக்கு வந்தவாசிப் பக்கம்." இந்த வாக்கியத்தை இதுவரை முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பேன், வாடகை வீடு பார்க்கும்போது, ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம், பிரசவ ஆஸ்பத்திரியில் வலியோடு வலியாக. நீங்க யாரு, நீங்க யாரு. ஊரே கேட்கிற கேள்விதான், அம்மா கேட்டுத்தான் புதிதாக இருக்கிறது. "அப்ப பாலு?" "பால் உண்டு, தேன் கிடையாது." "தேன் நல்லதாச்சே மேடம்!" "தேனீக்கு நல்லதில்லைங்க." சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரிக்கும்போது இமையோரம் லேசாக இழுத்தது, இன்னும் முழுசாக ஆறவில்லையோ. டப்பா மையின் மூடியில் பச்சை இலை போட்டு இயற்கை என்று எழுதியிருக்கிறது, உள்ளே முதல் சாமானே தேன்மெழுகு. இயற்கைதான், யார் இல்லை என்றது, தேனீயும் இயற்கைதான். பேனாவில் உயிர் எதுவும் இல்லை, ஆனால் அதிலுள்ள பெயர்களைப் படித்தால் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பரீட்சைக்குப் படிக்காமல் போனது நினைவு வருகிறது. பென்சில் ஒன்றுதான் விளக்கெண்ணெய், கரி, ஏதோ செடியின் மெழுகு. இந்தக் கரி என்ன கரி? அடுப்புக் கரியா, எலும்புக் கரியா? எலும்பைச் சுட்டும் கறுப்பு எடுப்பார்களாமே. கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன், தேங்காய்ச் சிரட்டைக் கரி என்று போட்டிருந்தது, அப்பாடா என்றிருந்தது. அம்மா வீட்டில் மை கூட்டுவது பகலில்தான். விளக்கெண்ணெய் விளக்கேற்றி மேலே செம்புத் தட்டைக் கவிழ்ப்பாள், காலை பத்து மணி வெயிலில், ஜன்னல் கதவெல்லாம் சாத்திக்கொண்டு. ராத்திரியில் ஏற்றினால் பூச்சி விழுமாம், ஒரு உயிர் எரிந்த கரியைக் கண்ணில் எப்படி வைப்பது என்பாள். ஒரு தடவை எங்கிருந்தோ ஒரு சின்னப் பூச்சி வந்து விழுந்துவிட்டது, அவ்வளவு மையையும் வழித்துக் கொட்டிவிட்டு அன்றைக்குக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பூச்சிக்காக!

நான் என்ன செய்தேன்? காலேஜ் இரண்டாவது வருஷம், எல்லாப் பெண்களும் கடையில் விற்கிற மைக் குச்சி வைத்திருந்தார்கள், நான் மட்டும் வெண்கலச் சிமிழ். ஒரு குச்சி வாங்கி வந்தேன். அம்மா வாங்கி முகர்ந்து பார்த்தாள், "இதுல என்னடீ போட்டிருக்கான்?" என்றாள். திருப்பிப் பார்த்தேன். கடுகு கடுகாக இங்கிலீஷ் எழுத்து. "எல்லாம் மூலிகைதாம்மா" என்றேன். இந்த இடத்தில்தான் ஆறு மாதமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். படித்தேனா? படிக்காமலே சொன்னேனா? படித்து, புரிந்து, புரியாத மாதிரி சொன்னேனா? பத்தொன்பது வயசில் தேன்மெழுகுக்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியாதா, பள்ளிக்கூடத்தில் தேனீயைப் பற்றி இங்கிலீஷ் கட்டுரை எழுதி இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவரிடம் கைதட்டல் வாங்கியவள்தானே நான்? ஆனால் எழுத்து அவ்வளவு பொடி. ஆனால் என் கண் அப்போது நல்ல கண். ஒரு நாள் படித்தேன் என்று தோன்றும், மறுநாள் படிக்கவில்லை என்று தோன்றும், இன்றைக்கு எந்த நாள் என்றே தெரியவில்லை. அம்மா நம்பிவிட்டாள். பரவால்லையே, கடையிலயே நல்லதா கெடைக்குதே என்று செம்புத் தட்டைப் பரணில் போட்டாள். அதோடு விட்டாளா, பண்டிகை, கல்யாணம் என்றால் "உன் குச்சியைக் கொண்டு வாடீ" என்று வாங்கித் தன் கண்ணிலும் இழுத்துக்கொள்வாள், கண்ணாடியில் இரண்டு பேரும் ஒரே மாதிரி தெரிவோம். தேன் தொடுவதில்லை என்று விரதம் எடுத்தவள். சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னால் வெல்லப்பாகில் குழைத்துக் கொடுத்தவள். உறவுக்காரர் வந்தால் "எங்க ராஜி மருந்துக்குக்கூடத் தேன் தொடமாட்டா" என்று என் எதிரிலேயே பெருமை பேசுவாள், நான் மைக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நல்ல பெண்ணாக நிற்பேன். இருபத்தெட்டு வருஷம். டாக்டர்தான், கண்ணுக்குப் போடுவதை எல்லாம் எடுத்துட்டு வாங்க என்று சொல்லி, குச்சியைத் திருப்பிப் பார்த்து, "தேன்மெழுகு மொதல்லயே இருக்கே, இதுவே சில பேருக்கு ஒத்துக்காது" என்று சாதாரணமாகச் சொன்னார். அவர் வீக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் கண்ணைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாவம்தான் எனக்கு வீக்கமாகவும் அம்மாவுக்கு மறதியாகவும் வந்ததோ? சீ, படித்தவள் நினைக்கிற நினைப்பா இது. படித்தவள்! எதைப் படித்தேன், அதுதானே கேள்வி.

கைப்பையைத் துழாவினால் அந்தப் பழைய குச்சி இன்னும் கிடக்கிறது. எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று எனக்குத் தெரியும், சொல்ல வெட்கம். அம்மாவுக்குத் தெரிந்த கண் அதன் கண். கறுகறுவென்று கனமாக, ஓரத்தில் ஒரு வால் இழுத்து. இந்தப் பென்சில் போடுகிற கோடு பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், குச்சியை எடுத்து இழுத்துக்கொண்டு போனால் என்ன, நாளைக்குக் கண் வீங்கினால் வீங்கட்டும், வாடீ ராஜி என்று ஒரு தடவை காதில் விழுந்தால் போதாதா. தேனைக் கண்ணில் வைத்துக்கொண்டு அந்த வாயால் கூப்பிட வைப்பதா என்றும் இருக்கிறது. சரி, பென்சில்தான் என்றால் அது சிவந்த பென்சிலா, சிவக்காத பென்சிலா? ஸ்டெல்லா பாவம், கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கோடு போட்டுப் பார்க்கிறாள். சீக்கிரம் நினைவு வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, இது என்ன பயம்? சொல்லித்தான் ஆக வேண்டும். மை இல்லாததால் அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணனிடம் சொன்னேன், வீட்டுக்காரரிடம் சொன்னேன், தூக்கம் வராதபோது எனக்கே சொல்லிக்கொண்டேன். மையைப் போட்டுக்கொண்டு போய் நின்று, அப்போதும் அம்மா வாங்க உக்காருங்க என்றால்? அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? மூன்றும் சிவந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும், இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்று எழுந்து போயிருக்கலாமே. "வாட்ச்!" என்று கத்தினாள் ஸ்டெல்லா. "வாட்ச் கட்டியிருந்தீங்க மேடம்! மேலேருந்து போட்டுக்கிட்டே வந்தேன், மூணாவது போடறப்ப பட்டையில இடிச்சிடுச்சு, நீங்ககூட கையை ஆட்டி அதைக் கீழ தள்ளினீங்களே!" தள்ளினேனா? தள்ளினேன், ஆமாம், பட்டையில் மை ஒட்டியிருந்தது, காலையில்தான் துடைத்தேன். அப்படியென்றால் மேலே பென்சில், ஒன்றும் ஆகவில்லை. சிவந்தது டப்பா மை, தேன்மெழுகு. தோலுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் இருபத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. இல்லை, வாட்ச் பட்டை உரசியதாகவும் இருக்கலாம்.

கடையில் இருக்கிற பென்சிலைக் கண்ணில் வைக்கவே கூடாது, பத்துப் பேர் கைப்பட்டது, கையில் போட்டுப் பார்க்க மட்டும்தான் என்று ஸ்டெல்லா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பில் போட்டு, புதிதைப் பிரித்து, கண்ணாடியை என் பக்கம் திருப்பி வைத்தாள். கை மறந்திருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை, வாய் தானாகப் பாதி திறந்துகொண்டது, அம்மாவும் மை தீட்டும்போது அப்படித்தான் வாயைத் திறந்துகொள்வாள். வலது கண், இடது கண். எரிகிறதா? இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்போம். இல்லை, எரியவில்லை. வாலை இழுத்தேன், வால் வந்தது, மெல்லியதாக. கண்ணாடியில் இருந்தவளை எனக்கே கொஞ்சம் தெரிந்தது, கொஞ்சம் தெரியவில்லை, போட்டோவில் இருப்பவளின் அக்கா என்று சொல்லலாம். இன்னொரு தடவை இழுத்துக் கனமாக்கலாமா, இல்லை, கண் ஆறினது போதாது. "லட்சணமா இருக்கீங்க மேடம்" என்றாள் ஸ்டெல்லா, விற்பவள் சொல்வதுதான், ஆனாலும் அழுகை வந்தது, அழுதால் மை போய்விடுமே என்று மேலே மின்விசிறியைப் பார்த்தேன். அப்போது கைப்பேசி அடித்தது. அண்ணன், தரணேந்திரன், வீடியோ. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். அம்மாவுக்குச் சீக்கிரம் பசித்துவிட்டது போலிருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று நினைத்தேன், நேரில் போய் நின்றால் என் உயரம் இருக்கும், நடை இருக்கும், செருப்புச் சத்தம் இருக்கும், இந்தச் சின்னப் போன் திரைக்குள் மை மட்டும்தானே இருக்கும். நினைத்துக்கொண்டே எடுத்துவிட்டேன்.

"எங்க இருக்கே? அம்மா தட்டு முன்னாடி உக்காந்துட்டாங்க" என்றான் அண்ணன், உடனே போனை அந்தப் பக்கம் திருப்பி, "யாருன்னு பாரும்மா, யாருன்னு சொல்லு பாக்கலாம்" என்றான். இந்தக் கேள்வியைக் கேட்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அம்மாவின் முகம் வந்தது. பாதி நெற்றி, ஒரு கண், பிறகு முழு முகம். கிட்ட வந்து பார்த்தாள். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டேன், இமைக்கக்கூட இல்லை, பாரும்மா, நான்தாம்மா. "மை போட்டிருக்காங்க" என்றாள் அண்ணனிடம். பிறகு என்னிடம், "நல்லா லட்சணமா இருக்கீங்கம்மா. கண்ணு உறுத்தலையா?" ங்க. அவ்வளவுதான், முடிந்தது, இனிமேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இல்லைங்க, உறுத்தலை என்றேன். "எங்க ராஜிக்குக் கண்ணு வீங்கிப் போச்சும்மா, மையே வைக்கக் கூடாதுன்னுட்டாங்களாம். வெறுங்கண்ணோட வர வெக்கமா இருக்கும் அவளுக்கு, அதான் வரமாட்டேங்கறா." அண்ணன், அம்மா, அது ராஜிதாம்மா என்று ஆரம்பித்தான். நீ சும்மா இருண்ணா என்றேன். "இந்த மை எங்க விக்குதும்மா?" என்றாள் அம்மா, "நம்ம ராஜிக்கும் ஒண்ணு வாங்கிட்டு வரீங்களா? தேன் கலக்காததா பாத்து வாங்கணும். மருந்துக்குக்கூட அவ தேன் தொடமாட்டா." நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். "இது தேன் கலக்காததுங்க" என்றேன். "படிச்சுப் பாத்தீங்களா? பொடிப்பொடியா எழுதியிருப்பான்." "படிச்சேங்க" என்றேன், "ஒவ்வொரு எழுத்தா படிச்சேன்." அம்மா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அப்ப சரி, பொழுதோட வந்துடுங்க, நம்ம வீட்டுலயே சாப்பிடலாம்" என்று சோற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதே பென்சில் இன்னொன்று வேண்டும் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "யாருக்கு மேடம், கிஃப்டா? பேர் எழுதி பேக் பண்ணித் தரவா?" எழுதுங்க என்றேன். என்ன பேர் என்று கேட்டாள். ராஜின்னு எழுதுங்க, எங்கம்மா குடுக்கச் சொன்னாங்க என்றேன். கண் கொஞ்சம் கலங்கியது, மை கரையவில்லை. வெளியே வெயில் இன்னும் இருந்தது, அம்பத்தூருக்கு ஆட்டோ கேட்டேன்.